சீல் உடைக்காத போத்தல்

மட்டக்களப்பு வாவிக் கரை வீடுகளில் மதுப் போத்தல்கள் சேர்வதற்கு வீட்டில் குடிப்பவர் யாரும் இருக்க வேண்டும் என்றில்லை. சுவிஸிலும் லண்டனிலும் கனடாவிலும் இருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள், கட்டுநாயக்க விமான நிலையத் தீர்வையற்ற கடையில் வாங்கிய விஸ்கியைப் பெட்டியோடு கொடுத்துவிட்டுப் போகிறார்கள். கலியாணத்துக்கு வாங்கியதில் இரண்டு மிஞ்சுகிறது. நத்தாருக்கு வந்த வைன் அடுத்த நத்தாருக்கும் அதே தட்டில் நிற்கிறது. குடித்துவந்தவர் காலமாகிவிட, அவர் ஒளித்து வைத்த சாராயம் பல வருடம் கழித்து வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது வெளியே வருகிறது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு வரிக்கு மேல் வரி ஏறியதில் போத்தல் விலை எங்கோ போய்விட்டதால், எறியவும் மனம் வராது. குடிக்கவோ யாருக்காவது கொடுக்கவோ நினைத்தால், பழையது கெட்டுப்போயிருக்குமோ என்ற சந்தேகம் வந்துவிடும்.

போத்தலுக்குள் இருப்பது எவ்வளவு வீரியமானது என்பதைப் பொறுத்தே அதற்குப் பதில் சொல்லலாம். சாராயம், விஸ்கி, பிறண்டி, ஜின், வொட்கா, ரம் ஆகியவை வடித்து எடுக்கப்பட்டவை. இலங்கையில் பரவலாக விற்கும் எக்ஸ்ட்ரா ஸ்பெஷல் சாராயத்தில் 33.5 சதவீதம் மதுசாரம். விஸ்கியிலும் பிறண்டியிலும் பெரும்பாலும் 40 சதவீதம். இந்த அளவில் எந்த நுண்ணுயிரும் வளராது. ஆகவே சீல் உடையாத சாராயம் பத்து வருடம் கழிந்தாலும் புளிக்காது, பூஞ்சணம் பிடிக்காது. பல போத்தல்களில் காலாவதித் திகதி அச்சிடப்படாததற்கும் இதுவே காரணம். வைன், பியர், கள்ளு ஆகியவற்றின் கதை வேறு. அவை வடிக்கப்படாதவை, மதுசாரம் குறைந்தவை. உயிருள்ள பொருளைப் போலவே மாறிக்கொண்டிருக்கும்.

கெடாது என்பதை வைத்துக்கொண்டு, வைக்க வைக்க உயரும் என்று நம்புவது ஊரில் பரவலான பிழை. சாராயத்துக்கும் விஸ்கிக்கும் வயது ஏறுவது மரத்துக்குள் இருக்கும்போது மட்டும்தான். தென்னங்கள்ளை வடித்த சாராயம் ஹல்மில்ல மரத்தால் செய்த பீப்பாய்களில் கிடந்து நிறமும் மணமும் பெறுகிறது. முன்பு திருகோணமலைத் துறைமுகம் வழியாகக் கப்பலேறியதால் ஆங்கிலேயர் ‘திருகோணமலை மரம்’ என்றே அழைத்த மரம் அது. கண்ணாடிப் போத்தலில் அடைத்து மூடிய அன்றோடு அந்த வளர்ச்சி நின்றுவிடும். 12 வருட விஸ்கியை 1995இல் வாங்கி இன்றுவரை அலுமாரியில் வைத்திருந்தாலும் அது 12 வருட விஸ்கிதான். 1926இல் வடித்த மக்காலன் விஸ்கிப் போத்தல் ஒன்று 2023 நவம்பரில் லண்டன் ஏலத்தில் 21 இலட்சம் பவுணுக்கு மேல் போனது உண்மையே. அது பீப்பாயில் 60 வருடம் கிடந்து 1986இல் போத்தலில் அடைக்கப்பட்டது, அதுவும் வெறும் 40 போத்தல்கள். விமான நிலையக் கடையில் ஆயிரக்கணக்கில் விற்கும் சிவப்பு லேபிள் விஸ்கிக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது.

மூடிய போத்தலிலும் இரண்டு விஷயங்கள் நடக்கலாம். ஒன்று, ஆவியாதல். மட்டக்களப்பில் பகல் வெப்பம் வருடத்தில் பல மாதங்கள் 30 பாகைக்கு மேல் நிற்கும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே, பரணில், இன்னும் கூடும். சூட்டில் விரிந்து குளிரில் சுருங்கும் போத்தலில் மூடி சற்றுத் தளர்ந்திருந்தால் மதுசாரம் தண்ணீரைவிட முந்திக்கொண்டு வெளியேறும். கழுத்து வரை இருந்த மட்டம் தோளுக்குக் கீழே இறங்கியிருந்தால், சீல் உடையாவிட்டாலும் உள்ளே இருப்பது வீரியமும் மணமும் இழந்த சரக்கு. இரண்டாவது, வெளிச்சம். சன்னலோரக் கண்ணாடி அலுமாரியில் அழகுக்கு அடுக்கிய போத்தல்களின் நிறம் வெளிறும், வாசமும் மாறும். தக்கை போட்ட விஸ்கி, பிறண்டிப் போத்தல்களைப் படுக்க வைக்கக் கூடாது. வீரியமான மதுசாரம் தக்கையை அரித்துவிடும். வைன் போத்தல்களுக்கு நேர்மாறு: படுக்க வைத்தால்தான் தக்கை நனைந்து உப்பி, காற்றை அடைத்து நிற்கும்.

வைனை இந்தக் கரையோரத்தில் வருடக்கணக்கில் வைத்திருப்பது வீண் வேலை. அதற்கு ஏற்ற வெப்பநிலை 12 முதல் 15 பாகை. இங்குள்ள வீடுகளில் அவ்வளவு குளிர்ச்சி குளிர்சாதனப் பெட்டிக்குள் மட்டுமே கிடைக்கும். 30 பாகையில் கிடந்த வைன் வெந்த பழம்போல் மணக்கத் தொடங்கும். உள்ளே அழுத்தம் ஏறித் தக்கை வெளியே தள்ளும், கழுத்தில் பிசுபிசுப்பு கசியும். அதோடு, உலகில் விற்கும் வைனில் பெரும்பகுதி ஓரிரு வருடத்துக்குள் குடிப்பதற்கென்றே செய்யப்படுகிறது. பத்து வருடம் வைத்து உயர்வது விலை கூடிய சில வகைகள் மட்டும். அடியில் கருஞ்சிவப்பு வண்டலோ கண்ணாடித் தூள் போன்ற பளபளப்போ தெரிந்தால் பயப்படத் தேவையில்லை. அந்தப் பளபளப்பு திராட்சையின் உப்பு, வண்டல் அதன் நிறப்பொருள் படிவது. 1990களுக்கு முந்திய வைனாக இருந்தால் வேறொரு கவனம் வேண்டும். அக்காலத்தில் பல போத்தல்களின் கழுத்து உறை ஈயத் தகட்டால் செய்யப்பட்டது. அமெரிக்கா அதை 1996இல் தடை செய்தது. அப்படியான போத்தலைத் திறந்தால் வாயை ஈரத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டே ஊற்ற வேண்டும்.

பியருக்குத் திகதி அச்சிடப்பட்டிருக்கும், பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள். திகதி தாண்டிய பியர் நஞ்சாகாது, ஈரமான காகிதம்போல் சுவைக்கும். வெயில் பட்டால் அதற்கும் முன்பே கெடும்: பியருக்குக் கசப்பைத் தரும் ஹொப்ஸ் பூவின் சத்து ஒளிபட்டு உடைந்து குமட்டும் நாற்றமாக மாறுகிறது. பியர் பழுப்புக் கண்ணாடியில் வருவது அதைத் தடுக்கத்தான். பச்சைக் கண்ணாடி அவ்வளவாகத் தடுக்காது.

வெளிநாட்டிலிருந்து பெண்களுக்கென்று கொண்டுவரப்படும் இனிப்பான பாலாடை மதுக்களில்தான் உண்மையான ஆபத்து. பெய்லிஸ் போன்றவற்றில் பாலாடையும் சீனியும் உண்டு, மதுசாரம் 17 சதவீதம். தயாரித்த நாளிலிருந்து இரண்டு வருடம், 25 பாகைக்கு மேல் போகாத இடத்தில் என்று அந்த நிறுவனமே வரையறுக்கிறது. மட்டக்களப்பில் அலுமாரியில் வைத்த போத்தலுக்கு அந்த இரண்டு வருடம் கிடைக்காது. ஊற்றும்போது கட்டியாகவோ தயிர்போல் திரிந்தோ வந்தால், புளித்த வாடை அடித்தால், யோசிக்காமல் கொட்ட வேண்டியது. முட்டை சேர்த்த மதுக்களுக்கும் இதே விதி.

தவறணையிலிருந்து பழைய விஸ்கிப் போத்தலில் வாங்கி மூடி வைத்த பச்சைக் கள்ளை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. அது தொடர்ந்து நொதித்து வாயுவை உண்டாக்கும். இறுக மூடிய கண்ணாடி வெடிக்கலாம். வடக்கிலுள்ள பனை தென்னைக் கூட்டுறவுச் சங்கங்கள் அடைத்து விற்கும் போத்தல் கள்ளு சூடாக்கி நொதிப்பை நிறுத்தியது. அதற்கும் திகதி உண்டு. வடமராட்சி திக்கம் வடிசாலையின் பனஞ்சாராயம் மற்றச் சாராயங்களைப் போலவே நெடுநாள் நிற்கும்.

ஆக, பழைய போத்தல் ஒன்று கைக்கு வந்தால் முதலில் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பது நல்லது. மட்டம் கழுத்தில் நிற்கிறதா, மூடியின் கீழ் வளையம் முழுதாக இருக்கிறதா, திரவம் தெளிவாக இருக்கிறதா, லேபிளும் மதுவரித் திணைக்களத்தின் பாதுகாப்பு ஒட்டியும் கிழியாமல் இருக்கின்றனவா? வெளிநாட்டிலிருந்து கையோடு வந்ததில் அந்த ஒட்டி இருக்காது. உள்ளூர்க் கடையில் வாங்கியதில் இப்போது இருந்தாக வேண்டும், மிகப் பழைய போத்தல்களில் இல்லாதிருக்கலாம். வளையம் உடைந்து மீண்டும் திருகப்பட்டிருந்தால் அது சீல் உடையாத போத்தல் அல்ல. லேபிளே இல்லாத போத்தலுக்கு ஒரே தீர்ப்பு: கொட்டுவது. கள்ளத்தனமாக வடிக்கும் கசிப்பைச் சாராயப் போத்தலில் அடைத்து விற்பது இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. அதில் மெத்தனோல் கலந்திருந்தால் கண்பார்வை போகும், உயிரும் போகும். மெத்தனோலை மணத்தாலோ, ஒரு கரண்டியில் ஊற்றித் தீக்குச்சி வைத்து எரியும் நிறத்தைப் பார்த்தோ வீட்டில் கண்டுபிடித்துவிடலாம் என்பது நம்பத் தகாத பேச்சு.

வைத்திருப்பதென்று முடிவு செய்தால் இருட்டான, பூட்டக்கூடிய, நிலமட்டத்தில் உள்ள அலுமாரி போதும். குசினிக்கு அருகில் வைக்கக் கூடாது. 40 சதவீத மதுசாரத்தின் ஆவி ஏறத்தாழ 26 பாகையிலேயே தீப்பற்றும் நிலைக்கு வந்துவிடும். குளிர் நாட்டில் அறை வெப்பத்தில் பற்றாத விஸ்கி, சித்திரை வைகாசி மாதத்து மட்டக்களப்பு வீட்டில் உடைந்து சிந்தினால் அருகிலிருக்கும் குத்துவிளக்கிலோ எரிவாயு அடுப்பிலோ பற்றக்கூடும். சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பூட்டு இன்னும் அவசியம். பெரியவருக்கு ஒன்றும் செய்யாத சில வாய்கள் மூன்று வயதுப் பிள்ளையின் இரத்தச் சீனியை இறக்கி வலிப்பில் தள்ளிவிடும். மிச்சத்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கும் பழக்கம்தான் இதில் மிக மோசமானது.

நல்ல நிலையில் உள்ள பழைய பிறண்டிக்கும் சாராயத்துக்கும் மட்டக்களப்பில் தகுந்த இடம் நத்தார்க் கேக். போர்த்துக்கேயர் காலத்து வழிவந்த பறங்கியர் சமூகம் இன்றும் இந்நகரில் வாழ்கிறது; 2004 சுனாமி அழித்த டச்பார் அவர்களது குடியிருப்பாக இருந்தது. அவர்களிடமிருந்தும் மற்றக் கத்தோலிக்க, மெதடிஸ்தக் குடும்பங்களிடமிருந்தும் ‘ரிச் கேக்’ எல்லா வீடுகளுக்கும் பரவியது. முந்திரிகை வற்றல், பேரீச்சம்பழம், பூசணித் தோசி, இஞ்சித் தோசி, வாவிக்கரை மணலில் விளையும் கஜு எல்லாவற்றையும் பொடியாக அரிந்து, கண்ணாடிச் சாடியில் போட்டு, மூழ்கும் வரை பிறண்டி விட்டு மூடுவார்கள். கார்த்திகை மாதமே இந்த வேலை தொடங்கிவிடும். பழம் முழுவதும் பிறண்டிக்குள் மூழ்கியிருக்கும் வரை பூஞ்சணம் வராது. மேலே மிதக்கும் துண்டில்தான் முதலில் பிடிக்கும் என்பதால் இரண்டு நாளுக்கு ஒருமுறை சாடியைக் கவிழ்த்து நிமிர்த்துவார்கள். ரவையும் முட்டையும் பட்டரும் சேர்ந்து வெந்த பிறகும் மேலே இன்னும் கொஞ்சம் தெளிப்பதுண்டு. இந்த வேலைக்குப் பன்னிரண்டு வருட விஸ்கியின் பெருமை தேவையில்லை. மணம் சற்று மங்கிய பழைய சாராயமே தாராளம்.

கேக் வெந்தால் மதுசாரம் போய்விடும் என்று சொல்வதுண்டு. முழுதாகப் போகாது. ஒரு மணிநேரம் வெந்த பண்டத்திலும் சேர்த்ததில் ஏறத்தாழ கால் பங்கு நிற்கும்; வெந்த பிறகு தெளித்தது அப்படியே இருக்கும். காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் உள்ள முஸ்லிம் சிநேகிதர் வீட்டுக்கும், மது தொடாத சைவக் குடும்பங்களுக்கும் நத்தார்த் தட்டு அனுப்பும்போது பிறண்டி சேராத கேக்கைத் தனியாகச் செய்வதே மரியாதை. ஆரஞ்சுச் சாற்றில் ஊறிய பழத்திலும் கேக் நன்றாகவே வரும்.

பழைய வைனுக்குக் குசினியில் இன்னொரு பயன் வினாகிரி. தென்னங்கள்ளு வினாகிரியாவது எப்படியோ அப்படியே வைனும் ஆகும்: காற்றிலுள்ள பிராணவாயுவைக் கொண்டு ஒருவகைப் பக்ரீரியா மதுசாரத்தை அசற்றிக் அமிலமாக்கும். அந்தப் பக்ரீரியா 12, 13 சதவீதத்தில் திணறும் என்பதால் வைனில் கிட்டத்தட்ட அதே அளவு கொதித்தாறிய தண்ணீர் கலந்து, வடிகட்டாத நல்ல கள்ளு வினாகிரி கொஞ்சம் உறையாக விட்டு, அகன்ற வாய்க் கண்ணாடிச் சாடியில் ஊற்றி, மெல்லிய துணியால் கட்டி நிழலில் வைக்க வேண்டும். இந்தச் சூட்டில் ஓரிரு மாதத்தில் புளிப்பு ஏறும். மேலே தோல் போல ஒரு படலம் மிதந்தால் அதுதான் வேலை செய்யும் தாய். கறுப்பு, பச்சைப் பூஞ்சணம் வந்தால் முழுவதையும் கொட்ட வேண்டும். அலுமினியச் சட்டி ஆகாது. வெங்காயமும் மிளகாயும் போட்ட அச்சாறுக்கு இது பொருந்தும். பாதுகாப்புக்காகச் சேர்த்த சல்பைற்று கூடிய சில வைன்கள் எத்தனை நாள் வைத்தாலும் திரும்பாமல் அப்படியே நிற்பதும் உண்டு.

மருந்தென்று பயன்படுத்துவதில்தான் பழைய போத்தல் அதிகம் கெடுதல் செய்கிறது. பிள்ளை பெற்ற பெண்ணுக்குக் காயச் சரக்கோடு சாராயமோ பிறண்டியோ கொடுக்கும் வழக்கம் சில வீடுகளில் இன்னும் உண்டு. அது தாய்ப்பாலில் கலந்து குழந்தைக்குப் போகும். காய்ச்சல் கண்ட குழந்தையின் உடம்பில் சாராயம் தடவுவதும் ஆபத்து, மென்மையான தோல் அதை உறிஞ்சும், மூச்சிலும் ஏறும். புண்ணில் ஊற்றினால் எரியும், சரியாகக் கிருமி நீக்காது. 2020 ஊரடங்கு நாட்களில் கை கழுவச் சாராயத்தை எடுத்தவர்களும் இருந்தார்கள். கிருமிநீக்கிக்கு 60 சதவீதத்துக்கு மேல் மதுசாரம் வேண்டும், சாராயத்தில் ஏறத்தாழ அதில் பாதியே உண்டு, சவர்க்காரமே மேல். நிறமற்ற வொட்காவும் ஜின்னும் கண்ணாடி துடைக்கவும், ஒட்டிய லேபிள் பசையை நீக்கவும் நன்றாக உதவும்.

கொடுத்துவிடலாம் என்றால் சட்டத்தின் எல்லைகளை அறிந்திருக்க வேண்டும். 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் மது விற்பது குற்றம். ஒரேயொரு பரிசுப் போத்தலை அயலவருக்கு அரை விலையில் தள்ளுவதும் விற்பனைதான். தீர்வையற்ற கடைச் சரக்கானால் சுங்க வரி விவகாரமும் சேரும். ஒருவர் அனுமதியின்றி வைத்திருக்கக்கூடிய அளவுக்கும் வரம்பு உண்டு என்பதால், ஒரு பெட்டி நிறையச் சேர்ந்துவிட்டால் மதுவரி நிலையத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மது விற்பதைத் தடுக்கிறது. பரிசாகக் கொடுப்பவரும் அந்த வயதை மனதில் வைப்பது முறை. யாருக்குக் கொடுக்கிறோம் என்பது சட்டத்தைவிட முக்கியம். குடியால் குடும்பங்கள் குலைந்த கிராமங்கள் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் பல. 2017இல் கல்குடாவில் எரிசாராயத் தொழிற்சாலை கட்டப்பட்டபோது மாவட்டத்தில் கிளம்பிய எதிர்ப்பு அந்த அனுபவத்திலிருந்து வந்தது. மேசன் வேலைக்கு வந்தவருக்குக் கூலியோடு ஒரு போத்தலைச் சேர்த்துக் கொடுப்பது தாராளம்போலத் தெரியும்; அன்றிரவு அவர் வீட்டில் நடப்பதைக் கொடுத்தவர் பார்ப்பதில்லை.

இறந்தவர் விட்டுப்போன போத்தலுக்குப் பல வீடுகளில் வேறொரு வழி வைத்திருக்கிறார்கள். எட்டாம் நாளிலோ 31ஆம் நாள் அமுதிலோ அவர் விரும்பியவற்றைப் படைக்கும்போது சுருட்டோடு அதையும் வைத்துவிடுவார்கள். கிராமத்துக் காவல் தெய்வங்களின் மடையிலும் சாராயத்துக்கு இடமுண்டு. அலுமாரியில் வருடக்கணக்கில் யாரும் தொடத் துணியாத போத்தல் ஒரே நாளில் இப்படி முடிந்துவிடும்.

எதுவும் பொருந்தாவிட்டால் கொட்டிவிடலாம். ஒன்றிரண்டு போத்தலைத் தண்ணீரைத் திறந்துவிட்டு மெதுவாகக் கழுவு தொட்டியில் ஊற்றுவதால் தீங்கில்லை. பெட்டிக் கணக்கில் ஊற்றினால் மலசலகூடக் குழியில் கழிவைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் செத்துவிடும். நாளுக்கு ஒன்று என்று பிரிக்க வேண்டும். குசினித் தண்ணீர் வாழைப் பாத்திக்குப் போகும் வீடுகளில் சாராயத்தை நேராக விட்டால் வேர் கருகும், பத்து மடங்கு தண்ணீர் கலந்தே விட வேண்டும். வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரை மணலில் கிணறுகள் ஆழமில்லாதவை என்பதால் கிணற்றடி ஏற்ற இடமல்ல. பாலாடை மதுவைக் குழாயில் ஊற்றினால் கொழுப்பு அடைக்கும். தோட்டத்தில் குழி வெட்டி ஊற்றி மண் மூடுவது மேல். எல்லாவற்றுக்கும் மேலாக, மூடிய போத்தலைக் குப்பையோடு சேர்த்து வளவில் எரிக்கக் கூடாது. சூட்டில் வெடிக்கும் கண்ணாடியோடு எரியும் மதுசாரமும் சிதறும். வாவியில் எறிவதும் அப்படித்தான்: பல இடங்களில் இடுப்பளவே ஆழம், வீச்சுவலைக்காரர் வெறுங்காலோடு இறங்கி நடக்கும் தண்ணீர் அது.

வெறும் போத்தலுக்கு எப்போதும் ஆள் உண்டு. பழைய போத்தல், பேப்பர் வாங்குகிறவர் எடுத்துக்கொள்வார். பியர்ப் போத்தலைக் கடையிலேயே திருப்பிக் கொடுக்கலாம். காட்டுத் தேனும் நல்லெண்ணெயும் வீதியோரம் விற்கப்படுவது பெரும்பாலும் கழுவிய சாராயப் போத்தலில்தான். விலை உயர்ந்த விஸ்கிப் போத்தல்களை மட்டும் முழுசாகக் கொடுக்கக் கூடாது. போலிச் சரக்கு அடைப்பவர்கள் தேடுவது அச்சுக் குலையாத லேபிளும் மூடியும் பெட்டியும். லேபிளைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்து, மூடியை நசுக்கி, பெட்டியைக் கிழித்த பிறகே போத்தலை வாசலுக்குக் கொண்டுபோக வேண்டும்.